மோட்டார்ஹோம் லெவலிங் ஜாக் இறங்கவில்லை: 'டிக்' சத்தம் மட்டும் வருகிறது

சாய்தளம்:
வண்டியை மட்டமாக நிறுத்தும் ஹைட்ராலிக் ஜாக் நான்கு, அவற்றுக்கு ஆயில் தள்ளும் 12 வோல்ட் பம்ப் ஒன்று. நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சாவியைத் திருப்பினால் பேனல் விளக்கு எரிகிறது. இறக்கும் பட்டனை அழுத்தினால் பம்ப் பக்கமிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. மோட்டார் ஓடவில்லை. பேட்டரி 12.7 வோல்ட். ஃபியூஸ் எதுவும் போகவில்லை. மோட்டார்தான் போய்விட்டதா? புதிது வாங்கும் முன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

பன்னிரண்டுவோல்ட்:
மோட்டாரைக் கழற்றாதீர்கள். அந்த 'டிக்' சத்தமே பாதி வேலையை முடித்துவிட்டது. பேனல், ஹேண்ட்பிரேக் சுவிட்ச், சாவி இணைப்பு எல்லாம் உத்தரவு கொடுத்துவிட்டன, சோலனாய்டும் (மோட்டாருக்குப் பெரிய மின்சாரத்தை இணைத்துவிடும் மின்காந்த சுவிட்ச்) அதைக் கேட்டு இழுத்திருக்கிறது. சத்தமே வராமல் இருந்தால்தான் அந்தப் பக்கம் தேட வேண்டும். உங்கள் கோளாறு சோலனாய்டுக்கும் மோட்டாருக்கும் எர்த்துக்கும் (மின்சாரம் சேஸிஸ் வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) நடுவில் எங்கோ இருக்கிறது.

சும்மா இருக்கும் பேட்டரியில் 12.7 காட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சுமை ஏறினால் இந்த மோட்டார் 100 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். அதனால் ஒருவர் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்போதே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நொடிக்கு மேல் அழுத்த வேண்டாம். அளக்க வேண்டிய இடங்கள்:

1. பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் இடையே.
2. பேட்டரி நெகட்டிவிலிருந்து சோலனாய்டின் பெரிய போல்ட்டுகளுக்கு, உள்ளே வருவது, வெளியே போவது இரண்டிலும்.
3. மோட்டாரின் பாசிட்டிவ் போல்ட்டிலிருந்து மோட்டார் உடம்புக்கு.
4. மோட்டார் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவ் முனைக்கு.

உள்ளே 12, வெளியே பூஜ்யம் என்றால் சோலனாய்டின் உள் தொடர்பு கருகியிருக்கிறது. டிக் என்று அடித்தாலும் மின்சாரம் தாண்டாது. மூன்றாவதில் முழு 12 வந்தும் சுற்றவில்லை என்றால் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது மோட்டார் இறுகியிருக்கும். நான்காவதில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் மோசம்.

வண்டியின் அடியில் கையை விடும் முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக் மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்தமும் கீழே வந்துவிடும்.

சாய்தளம்:
அளந்தேன். அழுத்தியபோது பேட்டரியில் 12.6. சோலனாய்டு உள்ளே 12.6, வெளியே 12.5. மோட்டார் போல்ட்டிலிருந்து உடம்புக்கு வெறும் 0.6. மோட்டார் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு 11.9!

பன்னிரண்டுவோல்ட்:
எர்த்தேதான். இன்னொன்றையும் கவனியுங்கள்: பட்டனை அழுத்தியும் பேட்டரி 0.1 வோல்ட்தான் இறங்கியது. மோட்டார் ஓடியிருந்தாலோ, இறுகிப்போய்த் திணறியிருந்தாலோ இன்னும் நன்றாக இறங்கியிருக்கும். அப்படியானால் பெரிய கரண்ட் பாயவே இல்லை.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பம்பிலிருந்து சேஸிஸுக்குப் போகும் தடித்த கறுப்பு வயரின் இரண்டு முனைகளையும் அவிழுங்கள். வளையத்துக்கு அடியில் பெயின்ட்டோ துருவோ இருக்கும். உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும். போல்ட் தலையை மட்டும் தேய்த்துப் பயனில்லை, வளையம் உட்காரும் இடம்தான் முக்கியம். வளையத்துக்குள் வயர் நுழையும் இடத்தை வளைத்துப் பாருங்கள். பச்சைக் களிம்பு உதிர்ந்தால் அந்த வயரையே மாற்றுங்கள், அதே தடிமனில், குறைத்துப் போடாதீர்கள். பல் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். மறுபடி நான்காவது அளவை எடுங்கள்.

சாய்தளம்:
சேஸிஸ் பக்க முனையில் வளையத்துக்கு அடியில் முழுக்கத் துரு. தேய்த்துப் பூட்டியதும் அளவு 0.2. மோட்டார் ஓடுகிறது, மூன்று ஜாக் இறங்கிவிட்டன. முன் இடதுபக்கம் மட்டும் அசையவில்லை. அந்தப் பட்டனை அழுத்தினால் மோட்டார் சத்தம் கனமாகிறது. ஆயில் குறைவா?

கிரீஸ்கை:
ஆயில் குறைந்திருந்தால் மோட்டார் லேசாக, காற்றை உறிஞ்சும் கீச்சுச் சத்தத்தோடு ஓடும். கனமாகிறது என்றால் ஆயில் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறுகிறது, அந்த ஜாக்கின் வால்வு திறக்கவில்லை. ஹோஸ் எங்காவது மடிந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும், அதையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒருவர் பட்டனை அழுத்தட்டும், நீங்கள் அந்த வால்வைத் திறக்கும் மின்காந்தச் சுருளான காயிலின் நட்டில் திருப்புளி முனையை வையுங்கள். காயில் வேலை செய்தால் காந்தம் போல இழுக்கும். இழுக்கவில்லை என்றால் பக்கத்துக் காயிலின் பிளக்கை இதில் மாட்டி, அந்தப் பக்கத்து ஜாக்கின் பட்டனை அழுத்துங்கள். அப்போது முன் இடது ஜாக் இறங்கினால் காயில் நல்லது, வயரிலோ பேனலிலோதான் கோளாறு. இறங்காவிட்டால் பிளக்கை எடுத்துவிட்டுக் காயில்களின் ஓமை (மின்தடையை) ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். காந்தம் இழுத்தும் ஜாக் இறங்கவில்லை என்றால் வால்வே அழுக்கில் சிக்கியிருக்கிறது, கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஆயில் அளவை நான்கு ஜாக்கும் முழுசாக மேலே ஏறிய பிறகுதான் பார்க்க வேண்டும். இறங்கியிருக்கும்போது டேங்க்கை நிரப்பினால், ஏற்றும்போது திரும்பி வரும் ஆயில் வழிந்துவிடும். பல பம்புகளுக்கு டெக்ஸ்ரான் 3 வகை ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில்தான், சில கம்பெனிகள் சொந்த ஆயிலையே கேட்கும், கையேட்டைப் பாருங்கள். பிரேக் ஆயில் மட்டும் வேண்டாம், சீல்களெல்லாம் ஊதிப் போய்விடும்.

சாய்தளம்:
திருப்புளியை இழுக்கவில்லை. பக்கத்துப் பிளக்கை மாட்டியும் இறங்கவில்லை. மற்ற மூன்று காயில்களும் ஒரே ஓம், இதில் மீட்டர் அசையவே இல்லை.

கிரீஸ்கை:
காயில் உள்ளே அறுந்திருக்கிறது. காயிலை மட்டும் மாற்றினால் போதும், வால்வைத் தொட வேண்டாம், ஆயிலும் சிந்தாது. நட்டைக் கழற்றி, பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகுங்கள். நட்டை மெதுவாக இறுக்குங்கள். ஸ்பேனரால் முழு பலம் கொடுத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய தண்டு நெளிந்து வால்வு சிக்கிக்கொள்ளும். பிறகு நான்கு ஜாக்கையும் ஏற்றி இறக்கி இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள், லைனில் காற்று இருந்தால் டேங்க்குக்குத் திரும்பிவிடும். மட்டம் பார்க்கும்போது பின்சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் பிடிப்பது அந்தச் சக்கரங்களைத்தான்.