போர்ட்ரெய்ட்டுக்கு மீடியம் பார்மட்: கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

ஹட்டிக்காரன் (கோத்தகிரி):

வணக்கம் எல்லோருக்கும். பிழைப்புக்குக் கல்யாணப் படம் எடுக்கிறேன். கையில் இருப்பது சோனி ஏ7 மார்க் 3, 85 மி.மீ. எப்/1.8 லென்ஸ். அதில் குறை ஒன்றும் இல்லை. முகூர்த்தம் இல்லாத நாட்களில் எங்கள் ஹட்டியின் (படகர் ஊர்) பெரியவர்களை ஒவ்வொருவராகத் திண்ணையில் உட்கார வைத்து எடுத்து வருகிறேன், அதற்கு மட்டும் மீடியம் பார்மட்டுக்கு (சென்சாரோ பிலிமோ இன்னும் பெரிதாக இருக்கும் கேமரா) போகலாமா என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. இங்கே பாட்டிகள் வெள்ளைதான் உடுத்துவார்கள், தாத்தாக்களுக்கு வெள்ளைத் தலைப்பாகை. மலை வெயிலில் முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் துணி வெளுத்துப் போகிறது, துணிக்கு வைத்தால் முகம் இருண்டு, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றி இழுக்கும்போது தோல் நிறம் அழுக்காகிவிடுகிறது.

இரண்டு வழி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, செகண்ட் ஹேண்டில் பியூஜி ஜிஎப்எக்ஸ் 50எஸ் மார்க் 2, கூடவே 110 மி.மீ. எப்/2. இன்னொன்று, பிலிமுக்கே போய் மமியா ஆர்பி67. பேக்கிரவுண்ட் கரைவதும் இதில் வேறு மாதிரி இருக்கும் என்கிறார்கள். வைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

சிம்ஸ்பார்க் வாசி (குன்னூர்):

அந்த 50எஸ் மார்க் 2 என்னிடம் இருக்கிறது. முதலில் பேக்கிரவுண்ட் கதையை முடித்துவிடுவோம். இதன் சென்சார் 43.8 x 32.9 மி.மீ., உங்களுடையது 36 x 24, அதாவது புல் பிரேம். 0.79ஆல் பெருக்கினால் 110 எப்/2 என்பது புல் பிரேமில் கிட்டத்தட்ட 87 மி.மீ. எப்/1.6. உங்கள் பையில் இருக்கும் 85 எப்/1.8க்குப் பக்கத்து வீடு. கரைவதுதான் வேண்டும் என்றால் 85 எப்/1.4 வாங்குங்கள் (எப் எண் சிறியதானால் திறப்பு பெரிது), இதைவிடவே அதிகம் கரையும், செலவும் குறைவு.

வெள்ளைத் துணி விஷயத்திலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பரப்பு 1.67 மடங்கு, அதாவது முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) வெளிச்சம் கூடுதல், அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் கஷ்டம் பதினோரு மணி வெயிலால் வருவது, எந்த சென்சாரும் அதை முழுசாகத் தீர்க்காது.

அப்போது எதற்கு வைத்திருக்கிறேன்? பெரிய பிரின்ட்டுக்கு. 51 மெகாபிக்சல், 8256 x 6192. முகத்தில் வெளிச்சம் நிழலுக்கு இறங்கும் இடத்தில் பைல் ரொம்பத் தாங்குகிறது. அப்புறம் 4:3 வடிவம். நிமிர்த்திப் பிடித்தால் 3:2 போல ஒல்லியாக நீளாமல், உட்கார்ந்த உருவத்துக்குச் சரியாக இருக்கும்.

கெட்டதும் கேளுங்கள். இதில் ஆட்டோபோகஸ் கான்ட்ராஸ்ட் முறை மட்டும், பியூஜியின் 100எஸ் மாடலில் இருக்கும் வேகமான பேஸ் டிடெக்ஷன் கிடையாது. மூடுபனி இறங்கிவிட்டால் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். உடல் 900 கிராம், 110 லென்ஸ் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பிளாஷ் சிங்க் (பிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/125 தான், உங்கள் சோனியில் 1/250. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/125 வைத்தால் எப்/16 கேட்கும். நீங்கள் எப்/2 திறந்தால் ஆறு ஸ்டாப் அதிகம், வெளிச்சத்தை 64 மடங்கு குறைக்கும் என்டி64 பில்டர் போட்டே ஆக வேண்டும், அதற்குப் பதில் ஷட்டர் வேகத்தைக் கூட்ட ஹை ஸ்பீட் சிங்க் போனால் பிளாஷின் பலத்தில் பெரும்பகுதி போய்விடும். ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசையில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/2000 வரைகூட பிளாஷ் பிடிக்கும், ஆனால் அந்த விலை கேட்டு நான் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன்.

சோனியை மட்டும் விற்காதீர்கள். தாலி கட்டும் நேரத்தில் இந்தக் கேமராவை நம்ப முடியாது.

பஸ்ஸ்டாண்டு குமார் (மேட்டுப்பாளையம்):

எல்லாம் போனில் பார்க்கப் போகிற படம்தானே. எதற்கு இவ்வளவு காசு?

ஹட்டிக்காரன்:

இல்லை அண்ணா, போனுக்கு இல்லை. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெளியூரில் இருப்பவர்கள் எல்லோரும் ஊருக்கு வருவார்கள். அதற்குள் ஊர்க் கூடத்தில் 24 x 32 இஞ்சில் வரிசையாக மாட்ட வேண்டும் என்று ஆசை. கோயில் பக்கம் எடுக்கப் போவதில்லை, அவரவர் வீட்டுத் திண்ணையில் மட்டும்.

சிம்ஸ்பார்க் வாசி:

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 24 x 32 என்றால் ஜிஎப்எக்ஸ் பைலில் இஞ்சுக்கு சுமார் 258 பிக்சல் வரும். சோனியின் 6000 x 4000ஐ 4:3க்கு வெட்டினால் சுமார் 166. ஆறடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு 166 தாராளம். ஆனால் சொந்தப் பாட்டியின் படத்தை யார் ஆறடி தள்ளி நின்று பார்க்கப் போகிறார்கள், மூக்கை ஒட்டிக்கொண்டுதான் பார்ப்பார்கள். உங்கள் வேலைக்கு இது நியாயமான செலவுதான்.

ஸ்டூடியோ வாரிசு (ஊட்டி):

தம்பி, பிலிம் பக்கம் யாரும் பேசவில்லையே. எங்கள் அப்பா ஸ்டூடியோவில் யாஷிகா மேட் கேமரா இருந்தது, 120 ரோலில் பன்னிரண்டு படம். இந்து நகர் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் 1967இல் உற்பத்தி ஆரம்பித்து, ‘இந்து’ பிலிம் இங்கிருந்து நாடு முழுக்கப் போன ஊர் இது. இப்போது ஒரு ரோல் வேண்டும் என்றாலும் ஆன்லைனில் பார்சலுக்குக் காத்திருக்கிறோம், என்ன சொல்ல.

ஆர்பி67 1970இல் வந்தது. நெகட்டிவ் சுமார் 56 x 70 மி.மீ., இன்று டிஜிட்டலில் மீடியம் பார்மட் என்று விற்பதைவிடப் பரப்பில் இரண்டரை மடங்குக்கும் மேல். நிமிர்த்திய படம் வேண்டுமானால் கேமராவைச் சாய்க்க வேண்டாம், பின்பக்கத்தை மட்டும் திருப்பினால் போதும், ஆர்பி என்பதே அதைத்தான், சுழலும் பின்பக்கத்தைத்தான், சொல்கிறது. பெல்லோஸ் (மடிப்புத் துருத்தி) நீட்டி வைக்கும் போகஸ் என்பதால் முகத்துக்கு நன்றாகக் கிட்டே போகலாம். ஆனால் பெல்லோஸ் நீள நீள வெளிச்சம் குறையும், பக்கவாட்டில் இருக்கும் ஸ்கேலைப் பார்த்து எக்ஸ்போஷர் கூட்ட வேண்டும். லென்ஸோடு இரண்டரை கிலோ தாண்டும், ட்ரைபாட் இல்லாமல் நினைக்காதே.

இதில் யாரும் சொல்லாத ஒரு லாபம் உண்டு. இடுப்பு உயரத்தில் வைத்துக் குனிந்துதான் பார்க்க வேண்டும். எதிரில் இருக்கும் பெரியவருக்குத் தன் முகத்துக்கு நேராக எதையோ நீட்டுகிறார்கள் என்ற கூச்சம் வராது. நீ போகஸ் வைக்கும் வரை அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு இருப்பார், பிறகு தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தபடியே கேபிள் ரிலீஸை அழுத்தலாம். ரோலுக்குப் பத்தே படம் என்பதால் உனக்கும் அவசரம் வராது.

கருப்பு வெள்ளை வீட்டிலேயே கழுவலாம். டி-76 டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும். கோவையில் இருப்பவர்கள் ஐஸ் கட்டி போட்டு இறக்குகிறார்கள், நமக்கு டிசம்பரில் வெந்நீர் கலந்து ஏற்ற வேண்டும். கலர் என்றால் கீழே லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும், ரிசல்ட் வரும்வரை தூக்கம் வராது.

பில்லர்ராக்ஸ் அக்கா (கொடைக்கானல்):

எந்தக் கேமரா என்பதை விடுங்கள் தம்பி, வெயிலில் எடுப்பதை முதலில் நிறுத்துங்கள். நமக்குத்தான் மூடுபனி சும்மா கிடைக்கிறதே. வெளிச்சம் நாலா பக்கமும் இருந்து வருவதால் வெள்ளைத் துணிக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம் தானாகவே குறைந்துவிடும். என்ன, முகம் தட்டையாகத் தெரியும். அதற்கு எல்லோரும் ரிப்ளெக்டரைத் தூக்குவார்கள், நான் நேர்மாறாகக் கறுப்புத் துணி பிடிக்கச் சொல்வேன். முகத்துக்கு ஒரு பக்கம், பிரேமுக்கு வெளியே, இரண்டடி தள்ளி ஒரு கறுப்புப் போர்வை. அந்தக் கன்னத்தில் நிழல் இறங்கும், சுருக்கங்கள் தெளிவாக எழுந்து வரும். திண்ணையில் கூரை மேல் வெளிச்சத்தை மறைப்பதால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். பனியில் நிறம் நீலம் பாயும், பிறகு நிறத்தைச் சரிசெய்ய முதல் பிரேமில் ஒரு கிரே கார்டு (சாம்பல் நிற அட்டை) வைத்துவிடுங்கள்.

இதை முதலில் சோனியிலேயே, ட்ரைபாடில், எப்/5.6இல் செய்து ஒரு படத்தை முழு அளவுக்கு பிரின்ட் போட்டுப் பாருங்கள். அது போதவில்லை என்றால் ஜிஎப்எக்ஸை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கினால் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். மலையில் இருந்த லென்ஸ் என்றால் பூஞ்சைக்கு வாய்ப்பு அதிகம். டிரை கேபினட் (ஈரம் ஏறாமல் வைக்கும் பெட்டி) இல்லாமல் இங்கே பெரிய லென்ஸ் வாங்குவதும் வீண், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

ஹட்டிக்காரன்:

கறுப்புப் போர்வை யோசனை அருமை அக்கா, நாளைக்கே மாமாவை உட்கார வைக்கிறேன். ஆர்பி67 ஆசை போகவில்லை, இருந்தாலும் பண்டிகைக்குள் முடிய வேண்டிய வேலைக்கு அது ஆகாது. சோனியில் ஒரு பிரின்ட், அப்புறம் வாடகை. வாடகைக்கு எடுக்கும்போது 110தானா, வேறு லென்ஸா?

சிம்ஸ்பார்க் வாசி:

உங்கள் திண்ணை எவ்வளவு அகலம் என்று பாருங்கள். 110 போட்டால் இடுப்புவரை எடுக்கவே நீங்கள் வாசலில் இறங்கி நிற்க வேண்டி வரும், மழை வந்தால் அதுவும் முடியாது. 80 எப்/1.7 கேளுங்கள், புல் பிரேமில் 63 மி.மீ. மாதிரி, கைகளும் படத்தில் வரும். உதிரி பேட்டரி ஒன்றும் சேர்த்து வாங்குங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கும்.