வருகிறவர்கள் நான்கு மடங்குக்கு மேல், பதிவு செய்கிறவர்களோ நூற்றுக்கு ஒருவர்: எங்கே தவறுகிறேன்?

கோத்தகிரிப் பெண்:
வணக்கம். கோத்தகிரியைச் சுற்றியுள்ள 11 வீடுகளில் பயணிகள் தங்குவதற்கு ஏற்பாடு செய்யும் சிறிய இணையதளம் ஒன்றை நடத்துகிறேன். எல்லாம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய குடும்ப வீடுகள். தங்க விரும்புகிறவர் படிவத்தை நிரப்பிப் பதிவு செய்தால் விவரத்தை வீட்டுக்காரருக்கு அனுப்புவேன். அவர் அழைத்துப் பேசுவார். அறை உறுதியானால் எனக்கு ஒரு சிறு தொகை.

ஜனவரியில் 1,150 பேர் வந்தார்கள், 46 பேர் பதிவு செய்தார்கள். நூற்றுக்கு நான்கு. ஏப்ரலில் தளத்தைப் புதுப்பித்தோம். மே மாதம் 5,200 பேர் வந்தும் 57 பதிவுகள்தாம். பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கும் மாதங்களில் இந்த வீட்டுக்காரர்களுக்குக் கோடைச் சீசனில் வரும் அறை வாடகைதான் கைகொடுக்கிறது. அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

பதிவுப் பொத்தானைப் பச்சையிலிருந்து ஆரஞ்சு நிறத்துக்கு மாற்றிப் பார்த்தேன். பச்சைக்கு 300 பேரில் 3 பதிவு, ஆரஞ்சுக்கு 300 பேரில் 5. ஆரஞ்சையே வைத்துக்கொள்ளலாமா? தலைப்பையும் மாற்ற வேண்டுமா?

குன்னூர் வலைத்தொழில்:
வண்ணத்தை விட்டுவிடுங்கள் சகோதரி. மூன்றும் ஐந்தும் தற்செயலாக வரக்கூடிய எண்ணிக்கைகள். நூற்றுக்கு 4 என்பது 5 ஆக உயர்ந்ததா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்வதற்கே ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஏறக்குறைய 7,000 பேர் வந்திருக்க வேண்டும். நம்மைப் போன்ற சிறிய தளங்களுக்கு அந்தச் சோதனை கட்டுப்படியாகாது.

என்னை உறுத்துவது வேறு. 1,150 எப்படி 5,200 ஆனது? சீசன் மட்டுமே இவ்வளவு கூட்டத்தைக் கொண்டுவந்திருக்குமா? தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிடிக்ஸில் யார் எந்தப் பக்கத்தின் வழியாக உள்ளே நுழைந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்று பக்கவாரியாகப் பிரித்துப் பாருங்கள். எல்லாரையும் ஒரே கூடையில் போட்டு எடுத்த விகிதத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பூம்பாறைப் பூண்டு:
நான் பழனி மலைக்காரன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, வெளியூர் வியாபாரிகளின் விவரம் சேகரிக்க ஒரு தளம் தொடங்கினேன். உங்களைப் போலவே தவித்தவன் என்பதால், உங்கள் படிவத்தை என் கைபேசியில் நிரப்பிப் பார்த்தேன்.

மொத்தம் 9 கட்டங்கள். கைபேசி எண் கட்டத்தைத் தொட்டதும் எழுத்து விசைப்பலகை வந்து நின்றது. கைபேசி தானாகவே நிரப்பிக் கொடுத்த எண் +91 என்று தொடங்கியது. உடனே சிவப்பு நிறத்தில் 'தவறான எண்' என்றது. திருத்தி அனுப்பினேன். அதற்குள் நான் எழுதியிருந்த ஊர், தேதி, பெரியவர்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை எல்லாம் அழிந்துவிட்டன. உங்களுக்காக இரண்டாம் முறையும் பொறுமையாக நிரப்பினேன். பிறகு ஓடிபி. இங்கே சிக்னல் ஒரு கோடுதான். செய்தி மூன்றாவது நிமிடத்தில் வந்து சேர்ந்தது, பக்கமோ இரண்டாவது நிமிடத்திலேயே காலாவதியாகியிருந்தது.

கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு நிரப்புகிற ஒரு தாயை நினைத்துப் பாருங்கள் அக்கா. படிவத்தின் நிரலில் எண் கட்டத்தின் வகையை 'டெல்' (tel) என்று குறித்தால் எண் விசைப்பலகை வந்துவிடும். +91, இடைவெளி போன்றவற்றை உங்கள் நிரலே நீக்கிக்கொள்ளட்டும். தவறு வந்தால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் கேளுங்கள். ஊரும் குழந்தைகளின் எண்ணிக்கையும் வீட்டுக்காரர் அழைக்கும்போது தெரிந்துகொள்ளலாமே.

கோத்தகிரிப் பெண்:
இருவருக்கும் நன்றி. நேற்று இரவு பிரித்துப் பார்த்தேன்.

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு கட்டாயமானது அல்லவா? அழைக்கிற ஒவ்வொருவரும் அதைப் பற்றியே கேட்டதால், புதுப்பிக்கும்போது 'இ-பாஸ் எடுப்பது எப்படி' என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தேன். 5,200 பேரில் 3,900 பேர் அந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள்! அவர்களில் பதிவு செய்தவர்கள் 9 பேர். மீதி 1,300 பேரில் 48 பேர் பதிவு செய்திருக்கிறார்கள். அது நூற்றுக்கு 3.7. கிட்டத்தட்ட பழைய நிலைதான்.

இன்னொன்று. 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த எங்கள் லாங்வுட் சோலையைப் பற்றி, பறவை பார்க்க வருகிறவர்களுக்காக எழுதிய பக்கத்துக்கு 210 பேர்தான் வந்தார்கள். ஆனால் 17 பேர் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நான் பொருட்படுத்தியதே இல்லை.

ஓடிபியும் பார்த்தேன். படிவத்தை முழுதாக நிரப்பி அனுப்பியவர்கள் 88 பேர், முடித்தவர்கள் 57. இடையில் நின்றுபோன 31 பேரும் வீடு வேண்டும் என்று எண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள். அதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்களை இப்போது அழைக்கலாமா?

உதகை வாடகைக்கார்:
3,900 பேர் தானாகவே வருகிறார்களே, அதை விடலாமா? பதிவு செய்தால்தான் இ-பாஸ் விவரத்தின் மீதியைப் படிக்க முடியும் என்று வையுங்கள். எண்கள் குவியும்.

குன்னூர் வலைத்தொழில்:
ஐயா, இதை நான் ஏற்க மாட்டேன். இ-பாஸ் அரசு இலவசமாகத் தருவது. அதற்கு வழி சொல்ல எண்ணைக் கேட்டால், வாசலில் நின்று சுங்கம் வசூலிப்பதுபோல ஆகிவிடும். பதிவு விகிதம் உயரும், உண்மைதான். உதகையில் ஏற்கெனவே அறை எடுத்துவிட்டவர்களை எல்லாம் கோத்தகிரி வீட்டுக்காரர்கள் அழைத்து அழைத்துச் சலித்துப்போவார்கள். பிறகு உண்மையாகவே தேவைப்படுகிறவர் வந்தாலும் எடுத்துப் பேச மனம் வராது. அந்தப் பக்கம் உதவியாகவே இருக்கட்டும். இறுதியில் 'இன்னும் அறை முடிவாகவில்லையா?' என்று ஒரே ஒரு இணைப்பு போதும். கணக்கில் மட்டும் அதைத் தனியாக வையுங்கள்.

அந்த 31 பேரை அழைக்க வேண்டாம் சகோதரி. அவர்கள் பதிவை முடிக்கவில்லை. எந்த நோக்கத்துக்காக ஒப்புதல் கொடுத்தார்களோ அதற்கு மட்டுமே விவரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. பொத்தானுக்கு மேலே 'இந்த எண்ணுக்கு வீட்டுக்காரர் ஒருவர் மட்டுமே அழைப்பார்' என்று எழுதுங்கள். எண்ணைக் கொடுத்தால் பத்துப் பேர் அழைப்பார்களோ என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது.

பூம்பாறைப் பூண்டு:
ஓடிபியையே எடுத்துவிடுங்கள் அக்கா. எப்படியும் வீட்டுக்காரர் அழைக்கத்தானே போகிறார்? எண் சரியா என்பது அப்போது தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கேட்கிறேன்: பதிவு செய்தவரை எத்தனை மணி நேரத்தில் அழைக்கிறார்கள்?

கோத்தகிரிப் பெண்:
அதைக் கேட்டதுதான் எனக்குப் பெரிய உதவி. வீடு வீடாகப் போய் விசாரித்தேன். ஓர் அம்மா காலையிலேயே கொழுந்து பறிக்கப் போய்விடுகிறார். கைபேசி சமையலறை அலமாரியில் கிடக்கிறது. சாயங்காலம் வந்து குளித்து, சோறு பொங்கிவிட்டுத்தான் அதை எடுக்கிறார். அதற்குள் பயணி வேறு இடம் பார்த்துவிடுகிறார். மே மாதத்தில் 57 பதிவுகளில் 12 அறைகள்தாம் உறுதியாகியிருக்கின்றன.

பெயர், எண், வரும் தேதி என்று மூன்றே கட்டங்களாகக் குறைத்துவிட்டேன். ஓடிபி இல்லை. பதிவு முடிந்ததும் 'மாலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் வீட்டுக்காரர் அழைப்பார்' என்ற வரி வருகிறது. அந்த நேரத்துக்கு எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கோத்தகிரிப் பெண் (மூன்று வாரங்களுக்குப் பிறகு):
இ-பாஸ் பக்கத்துக்கு வந்தவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் வந்தவர்கள் 640 பேர், பதிவுகள் 44, உறுதியான அறைகள் 15. மழை தொடங்கிவிட்டதால் மே மாதத்தோடு நேரடியாக ஒப்பிட எனக்குத் துணிவில்லை. ஆனால் அந்த அம்மா வீட்டுக்கு மட்டும் நான்கு குடும்பங்கள் வந்து போயிருக்கின்றன. 6 எண்கள் தவறானவை. ஓடிபியை மீண்டும் கொண்டுவர வேண்டியிருக்குமோ என்பது ஒன்றுதான் கவலை.

பூம்பாறைப் பூண்டு:
மிக்க மகிழ்ச்சி அக்கா. அந்த ஆறு எண்களில் எத்தனை இலக்கங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தீர்களா?

கோத்தகிரிப் பெண்:
இப்போதுதான் எண்ணினேன். ஆறில் ஐந்து எண்களுக்கு ஒன்பது இலக்கங்கள்தாம் இருக்கின்றன. பத்து இலக்கம் இல்லாவிட்டால் அந்தக் கட்டத்திலேயே சொல்லும்படி இன்றே மாற்றிவிடுகிறேன். ஓடிபி வேண்டாம்.