மாலை வகுப்புக்கு நிதி கேட்டு எழுதினேன், ஒரே வரியில் பதில் வந்தது

மாடிவகுப்பு:

வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 2021-லிருந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். பகலில் எனக்கு மருந்துக்கடையில் வேலை. கூட இரண்டு தோழிகள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை 38 பிள்ளைகள், முக்கால்வாசிப் பேர் மாநகராட்சிப் பள்ளி. பையன்கள் ஃபுட்பால் ஆடிவிட்டு வியர்வையோடு அப்படியே படியேறி வருவார்கள். மேலே ஒரு தார்ப்பாய், இரண்டு டியூப்லைட், ஒரு போர்டு, அவ்வளவுதான். கணக்கு சொல்லித்தரும் கல்லூரிப் பெண்ணுக்கு 6,000 ரூபாய். நோட்டு, ஜெராக்ஸ், சுண்டல் எல்லாம் சேர்த்து மாதம் 10,500 ஆகிறது. இதுவரை எங்கள் கைக்காசு. இந்த வருடம் முடியவில்லை.

ஒரு கம்பெனியின் அறக்கட்டளைக்கு ஆறு பக்கம் எழுதி 5 லட்சம் கேட்டேன். மூன்று மாதம் கழித்து 'தற்போது பரிசீலிக்க இயலாது' என்று மெயில் வந்தது. காரணம் எதுவும் இல்லை. இப்போது ஒருவர் வந்து, 'நான் எழுதித் தருகிறேன், முன்பணம் 20,000, பணம் வந்ததும் 15 சதவீதம்' என்கிறார். கொடுக்கலாமா?

டிரஸ்ட் போன வருடம்தான் பதிவு செய்தோம். பத்திரத்தைத் தவிர வேறு பேப்பர் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா மகன் மாதாமாதம் அனுப்புகிறேன் என்கிறான். அதை டிரஸ்ட்டில் வாங்கலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரத்தான்:

முன்பணம் கேட்பவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். எங்கள் நூலகக் குழு இப்படித்தான் ஏமாந்தது. யாருக்கோ எழுதியதை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தார். ஒரு இடத்தில் மாற்ற மறந்துவிட்டார் போல, 'மலைக்கிராமப் பிள்ளைகள் நடந்து வரும் தொலைவு' என்று இருந்தது. ராயபுரத்தில் ஏது சார் மலை? குப்பைமேடுதான் இருக்கிறது.

பழையகோப்பு:

அம்மா, இந்த மாதிரி விண்ணப்பங்களைப் படிக்கிற நாற்காலியில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். ரிட்டயர் ஆகிவிட்டேன், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

உங்கள் ஆறு பக்கத்தை யாரும் படித்திருக்க மாட்டார்கள். வருத்தப்படாதீர்கள், அது வாசலிலேயே நின்றிருக்கும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்தோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று வருடங்களின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். பணம் என்பது இதுதான். அதை வெளி டிரஸ்ட் மூலம் செலவழிப்பதென்றால் அந்த டிரஸ்ட்டுக்கு 12ஏ, 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வருமானவரிப் பதிவுகள் வேண்டும், அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம் வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்-1 படிவத்திலும் பதிந்திருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லையென்றால்கூட கீழே இருக்கும் பையனே ஒதுக்கி வைத்துவிடுவான். நீங்கள் வகுப்பு நடத்துவது 2021-லிருந்து என்றாலும் கம்பெனிக்காரர்கள் எண்ணுவது டிரஸ்ட்டின் வயதைத்தான்.

ஆகவே முதலில் டிரஸ்ட் பெயரில் பான், வங்கிக் கணக்கு. அப்புறம் ஒரு ஆடிட்டர். புரோக்கருக்குக் கொடுக்கவிருந்த 20,000-ஐ அவருக்குக் கொடுத்தால் பேப்பராவது மிஞ்சும். அதுவரை பக்கத்து ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களைப் பாருங்கள், நோட்டு, நாற்காலி, ஃபேன் என்று பொருளாகக் கேளுங்கள். எல்லாப் பதிவும் உள்ள பழைய டிரஸ்ட் ஒன்று உங்கள் வகுப்பைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பெரியப்பா மகனிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பாஸ்போர்ட் நீலமா, சிவப்பா? இன்னும் இந்தியக் குடிமகன்தான் என்றால், சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதி ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டான் என்றால் அது வெளிநாட்டு நிதி. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் டிரஸ்ட் நூறு ரூபாய்கூடத் தொடக்கூடாது. அந்தப் பதிவுக்கு டிரஸ்ட்டுக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவு செய்திருக்கவும் வேண்டும். இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி எழுத்து. நான் எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன், பட்ஜெட் அங்கேதான் இருக்கும். மாதம் 10,500 என்றால் வருடத்துக்கு 1,26,000. நீங்கள் கேட்டது 5 லட்சம். மீதி 3,74,000 எதற்கு என்று இருந்ததா? இல்லை, கம்பெனிதானே, கொஞ்சம் கூட்டியே கேட்போம் என்று போட்டதா? பெரும்பாலும் இரண்டாவதுதான், அது எங்களுக்கும் தெரியும்.

'வாழ்வில் ஒளியேற்றும்' என்று ஏதாவது எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். எங்கள் ஆபீசில் அந்த வார்த்தை வந்தால், கரண்ட் பில் யார் கட்டுவது என்று சிரிப்போம்.

எனக்கு இன்றும் மறக்காதது காசிமேட்டிலிருந்து கையெழுத்தில் வந்த ஒரு விண்ணப்பம். கூடவே அட்டெண்டன்ஸ் நோட்டின் ஜெராக்ஸ். சில தேதிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'இன்று மீன் அதிகம், ஐஸ் உடைக்கப் போய்விட்டார்கள்' என்று குறிப்பு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் அல்லவா, அந்த 61 நாளில் பெரிய பையன்களின் வருகை கிடுகிடுவென்று ஏறியிருந்தது. 'தடைக்காலத்தில் மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக நடத்த வேண்டும், அதற்கு ஒரு ஆசிரியர் சம்பளம்' என்று கேட்டிருந்தார்கள். தொகை ரொம்பச் சின்னது. கையெழுத்துப் போட எங்களுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

உங்கள் நோட்டை எடுத்துப் பாருங்கள். எந்தக் கிழமை யார் வரவில்லை?

சாக்பீஸ்:

அரசுப் பள்ளி ஆசிரியை நான். சார் சொன்னதோடு ஒன்று: பிள்ளைகளுக்கு அரசே கொடுக்கிற பணத்தை உங்கள் பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள். எட்டாவது படிக்கும் பிள்ளைகள் இருந்தால் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்யுங்கள். தேறினால் ஒன்பதாவதிலிருந்து நான்கு வருடம், வருடத்துக்கு 12,000. மாடியில் வாரம் ஒரு மாலை இதற்கு ஒதுக்கினாலே போதும்.

பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். இரண்டுமே மாதம் 1,000 ரூபாய். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். இதைப் பெற்றோரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். 'இங்கிலீஷ் வரட்டும்' என்று ஏழாவதில் தனியார் பள்ளிக்கு மாற்றி, ஒன்பதாவதில் ஃபீஸ் கட்ட முடியாமல் திரும்ப வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்களுக்குக் கிடைக்காது.

வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை இ-சேவையில் முன்பே வாங்கிவிடுங்கள், கவுன்சிலிங் நேரத்தில் ஓடக்கூடாது. ஆதாரையும் மார்க் ஷீட்டையும் பக்கத்தில் வைத்துப் பெயரைச் சரிபாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருக்கும், அதற்கே இரண்டு மாதம் அலைய விடுவார்கள்.

மாடிவகுப்பு:

எல்லோருக்கும் நன்றி. பாஸ்போர்ட் சிவப்பு சார். அவனிடம் சொல்லிவிட்டேன், கொஞ்சம் கோபம்தான். புரோக்கருக்கு டீ கொடுத்தாயிற்று. 5 லட்சம் பற்றி நீங்கள் சொன்னது நிஜம், இரண்டாவதுதான்.

நேற்று ராத்திரி மூன்று பேரும் அட்டெண்டன்ஸ் நோட்டைப் பிரித்துவைத்து உட்கார்ந்தோம். செவ்வாயும் வெள்ளியும் ஏழு, எட்டுப் பெண்கள் வருவதில்லை, எல்லோரும் ஒன்பதாவது, பத்தாவது. பையன்கள் வந்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போகிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் ஒருத்தியைப் பிடித்துக் கேட்டால், 'அன்னிக்கு ஆறு மணிக்குத் தண்ணி லாரி வரும்க்கா, குடம் போடணும்' என்கிறாள். இத்தனை வருடமாக நானும் அதே தெருவில்தான் இருக்கிறேன். எங்கள் வீட்டில் போர்வெல் இருப்பதால் தெரியவில்லை.

அந்த இரண்டு நாள் மட்டும் வகுப்பை ஏழு மணிக்கு மாற்றிவிட்டோம். இருட்டிய பிறகு பெண்களை வீடுவரை கொண்டுபோய் விட ஒரு அக்கா வேண்டும், அவருக்கு மாதம் 1,500 கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். லாரி கதையை எல்லாம் விண்ணப்பத்தில் எழுதலாமா சார்?

பழையகோப்பு:

எழுதுங்கள். ஆளுக்கு எத்தனை குடம் என்பதையும் எழுதுங்கள்.