தேயிலைத் தோட்டப் பாடசாலையில் மனவெழுச்சிக் கற்றல்: கணிதப் பாடவேளையை வெட்டித்தான் நடத்த வேண்டுமா?

பொகவந்தலாவை கணிதம்
கிழமைக்கு ஒரு பாடவேளையை சமூக, மனவெழுச்சிக் கற்றலுக்கு ஒதுக்கச் சொல்கிறார்கள். நான் எதிர்க்கிறேன். கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லாமல் நம் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையில் விழுகிறார்கள். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பமே படுத்தெழும்புகிறது. அந்தப் பிள்ளைக்கு மூச்சை இழுத்துவிடச் சொல்லிக் கொடுத்தால் என்ன மாறும்? அதன் கவலைக்குக் காரணம் வீடும் கூலியும்தான்.

லிந்துலை டீச்சர்
சேர், வீடும் கூலியும் என்பதில் மறுபேச்சே இல்லை. ஆனால் இது மூச்சுப் பயிற்சி மட்டும் இல்லை. கோபம் வந்தால் என்ன செய்வது, கூட இருப்பவனின் நிலை என்ன, சண்டையை எப்படித் தீர்ப்பது என்று பழக்குவது.

என் ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் காலையில் சிறு துண்டில் ஒரு வரி எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஒரு பையன் பக்கத்தில் இருப்பவர்களை அடித்துக்கொண்டே இருந்தான். அவன் துண்டில், ‘அம்மா கோல் எடுக்கல’ என்று இருந்தது. அம்மா குவைத்தில், இவன் அம்மாயியோடு. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவனுக்குப் பின்னம் படிப்பிக்க முடியுமா?

2011இல் அமெரிக்க ஆய்வாளர் டர்லாக்கின் குழு இப்படியான 213 திட்டங்களை ஒன்றாக ஆராய்ந்தது. சராசரிப் பிள்ளை நூறு பேர் வரிசையில் பதினோரு இடம் முன்னேறும் அளவுக்குப் படிப்பும் கூடியிருந்தது.

பொகவந்தலாவை கணிதம்
அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை டீச்சர். பிரித்தானியாவில் 8,000க்கு மேற்பட்ட மாணவர்களுக்கு மனக்கவனப் பயிற்சி, அதாவது மூச்சையும் நினைவையும் கவனிக்கும் பயிற்சி, கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே வழக்கமாக நடக்கும் சமூக, மனவெழுச்சிப் பாடத்தைவிட அதில் கூடுதல் பயன் இல்லை என்று 2022இல் முடிவு வந்தது.

லிந்துலை டீச்சர்
அங்கே பல பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே அதைச் செய்யவே இல்லை. டர்லாக் ஆய்வில் வகுப்பாசிரியரே நடத்திய திட்டங்கள் நல்ல பலன் தந்தன. சுற்றறிக்கைக்காக ஒருநாள் கருத்தரங்கு வைத்தால் வீண்தான், அதில் நானும் உங்கள் பக்கம்.

மஸ்கெலியா அம்மா
நான் கொழுந்தெடுக்கிறவள், ஒரு விசயம் கேட்கிறேன். அந்தத் துண்டை யார் வாசிப்பார்கள்? எங்கள் லயத்தில் ஒரு பேச்சு கிளம்பினால் பின்னேரத்துக்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிடும். அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார் என்று பிள்ளை எழுதினால், அது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு வந்துவிட்டால், அடி இரண்டு மடங்காகும்.

லிந்துலை டீச்சர்
நியாயமான பயம் அக்கா. நான் மட்டும்தான் வாசிப்பேன், உடனே கிழித்துவிடுவேன். அடி என்று வந்தால் மட்டும் மூடி வைக்க மாட்டேன். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்வேன். அதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

பொகவந்தலாவை கணிதம்
சரி, காலையில் பத்து நிமிடம் என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை. கணிதப் பாடவேளையைத் தொடாதீர்கள். கணித ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்பச் சொல்லி வலயக் கல்விப் பணிமனைக்கு மனு எழுதியிருக்கிறேன். நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்.

லிந்துலை டீச்சர்
போடுகிறேன் சேர். அந்த மனுவில் ஆலோசனை ஆசிரியர் ஒருவரையும் சேர்த்துக் கேளுங்கள்.