ஃபேன் தியரிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘உய்த்துரை’ என்று ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

‘ஃபேன் தியரி’, அதாவது ஒரு கதை சொல்லாமல் விட்டதை அதில் உள்ள குறிப்புகளை வைத்து ரசிகர்கள் விளக்குவது, இதற்கு நம் குழுவில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: ரசிகர் கோட்பாடு, ரசிகர் ஊகம், விசிறிக் கருத்து, கருதுகோள். சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் இது முடியாது. ஏதாவது ஒரு கதாபாத்திரத்தை எடுத்து, ரசிகர்கள் அவனைப் பற்றி உண்மையில் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்தால் எந்தச் சொல் தாங்கும் என்று தெரிந்துவிடும். நான் எடுத்துக்கொண்டது டார்க் சோல்ஸ் வீடியோ கேமில் வரும் ஆர்டோரியாஸ் என்ற போர்வீரனை. மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011-இல் வெளிவந்த ஆட்டம் அது. அதில் ஆர்டோரியாஸை நாம் நேரில் பார்ப்பதே இல்லை. காட்டுக்குள் அவன் கல்லறை மட்டும் இருக்கிறது. சிஃப் என்ற பிரம்மாண்டமான ஓநாய் ஒரு பெரிய வாளை வாயில் கவ்விக்கொண்டு அதைக் காவல் காக்கிறது. ஓநாயின் உயிர் குறையக் குறைய அது நொண்ட ஆரம்பிக்கும். வாளை வீசிவிட்டுத் தானே தடுமாறும். அப்போது அதை அடிக்க யாருக்கும் கை வராது. ஆனாலும் கொன்றால்தான் கதை நகரும். கொன்ற பிறகு ஒரு மோதிரம் கிடைக்கிறது. ஆட்டத்தில் அபிஸ் என்று சொல்லப்படும் பேரிருளின் மிருகங்களோடு ஆர்டோரியாஸ் செய்துகொண்ட உடன்படிக்கையின் அடையாளம் இது, இதை அணிந்தவர் அவனைப் போலவே பேரிருளில் நடமாடலாம் என்று மோதிரத்தின் குறிப்பு சொல்கிறது. அவ்வளவுதான். ஏன் உடன்பட்டான், பதிலுக்கு என்ன கொடுத்தான் என்று ஒரு வரியும் இல்லை.

இருளை எதிர்த்தவன் என்று பெயர் எடுத்த வீரன் இருளோடு எதற்கு உடன்படிக்கை செய்யவேண்டும்? துரோகம் என்றும் படிக்கலாம், உள்ளே போய்ப் போரிடுவதற்காகத் தன்னையே விலையாகக் கொடுத்தான் என்றும் படிக்கலாம். இரண்டுக்கும் ஆதாரம் அதே ஒரு வரிதான்.

2012-இல் கூடுதல் பகுதி ஒன்று வந்தது. அதில் நாம் பழைய காலத்துக்குப் போய் ஆர்டோரியாஸை நேருக்கு நேர் சந்திக்கிறோம். அவன் ஏற்கெனவே பேரிருளால் கெட்டுப்போயிருக்கிறான். உடலிலிருந்து கறுப்பாக ஏதோ வழிந்துகொண்டிருக்கிறது. காற்றில் குட்டிக்கரணம் அடித்து வாளோடு மேலே வந்து விழுகிறான். அவனைக் கொன்றுவிட்டு, அவன் எதிர்த்துப் போன அந்த இருளையும் நாமே வீழ்த்துகிறோம். ஆனால் பிற்காலத்தில் பெயர் அவனுக்குத்தான் போகிறது. முதல் ஆட்டத்தில் நாம் கேட்ட புகழ்க்கதை தோற்றுப்போன ஒருவனைப் பற்றியது என்று அப்போதுதான் தெரிகிறது.

அவனிடம் பலமுறை செத்த பிறகுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். அவன் இடது கை ஆடாமல் தொங்குகிறது. உடைந்த கை. அவ்வளவு பெரிய வாளை ஒற்றைக் கையால் சுழற்றுகிறான், கேடயம் இல்லை. பிறகு வெகு தூரம் கீழே இறங்கி, அடித்தால் மறைந்துவிடும் ஒரு மாயச் சுவரைத் தாண்டினால், இருளுக்கு நடுவே ஒரு சின்ன ஒளிவளையம். உள்ளே குட்டி சிஃப். அந்த வளையம் ஆர்டோரியாஸின் கேடயத்தால் ஆனது. தன்னைக் காக்கவேண்டியதை ஓநாய்க்குக் கொடுத்துவிட்டுத் தான் வெறுமனே போயிருக்கிறான்.

இங்கேதான் ரசிகர்களுக்கு வேலை தொடங்குகிறது. கை எப்போது உடைந்தது? கேடயத்தைக் கொடுத்த பிறகு உடைந்தது என்றால், அவன் செய்தது பாசத்தால் செய்த தியாகம். கொடுப்பதற்கு முன்பே உடைந்திருந்தால், இனித் தன்னால் தூக்க முடியாத கேடயத்தை அது உதவக்கூடிய ஒரே இடத்தில் விட்டுவிட்டுப் போன ஒரு போர்வீரனின் நிதானமான முடிவு அது. செயல் ஒன்றுதான். கை உடைந்த நேரத்தை மாற்றினால் மனிதனே மாறிவிடுகிறான். ஆட்டம் இதற்கு விடை சொல்வதில்லை. சொல்லாமல் விட்டது மறதியால் என்று நான் நினைக்கவில்லை. ஆட்டத்தின் இயக்குநர் ஹிடெடாகா மியாசாக்கி சிறுவயதில் தனக்கு முழுதும் புரியாத ஆங்கிலக் கற்பனைக் கதைப் புத்தகங்களைப் படித்தவர். புரியாத இடங்களைப் படங்களைப் பார்த்துத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த அனுபவத்தைத்தான் அவர் நமக்கும் தருகிறார்.

சரி, இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

‘ரசிகர் கோட்பாடு’ நேரடியான மொழிபெயர்ப்பு. சார்பியல் கோட்பாடு, பரிணாமக் கோட்பாடு என்று நாம் எழுதும் இடத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் இருக்கிறது. ஒரு கையின் உடைவை வைத்துப் பேசுவதற்கு அந்தக் கனம் பொருந்தாது. சதிக் கோட்பாடு என்று ஏற்கெனவே எழுதுகிறோமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால் அங்கேயும் அந்தச் சொல் இழுத்துத்தான் போர்த்தப்பட்டிருக்கிறது. இன்னொரு முறை இழுக்கவேண்டாம்.

‘கருதுகோள்’ எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் கருதுகோள் என்றால் சோதித்துப் பார்க்க வழி இருக்கவேண்டும். சில சமயம் அந்த வழி கிடைக்கிறது. சோலேர் என்ற வீரன்தான் க்வின் என்ற அரசனின் பெயர் அழிக்கப்பட்ட மூத்த மகன் என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 2016-இல் மூன்றாம் ஆட்டம் வந்தபோது, டிராகன் மேல் ஏறி வரும் பெயரற்ற அரசன்தான் அந்த மகன் என்று தோன்றும்படி குறிப்புகள் இருந்தன. சோலேர் வாதம் சரிந்துவிட்டது. ஆனால் ஆர்டோரியாஸின் கையைச் சோதிக்க எந்த ஆட்டமும் வரவில்லை. சோதிக்க முடியாமல் இருப்பதுதான் அந்த வாதத்தின் உயிரே.

‘ஊகம்’ மிகவும் மெலிந்த சொல். சும்மா அடித்துவிடுவதும் ஊகம்தான். கேடயம், கை, ஓநாய் மூன்றையும் கோத்துப் பேசுபவரின் உழைப்பு அதில் வராது. ஆதாரமில்லாமல் பேசுவதற்கென்றே ஊகம் தனியாக இருக்கட்டும். அது நமக்குத் தேவைப்படும் சொல்.

‘விசிறி’ பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ரசிகரைக் குறிக்கும் ஃபேன், வெறியோடு பற்றுக்கொண்டவரைக் குறிக்கும் ஃபனாடிக் என்பதன் சுருக்கம் என்பார்கள். காற்று வீசும் ஃபேனோடு அதற்கு உறவில்லை. ஆனாலும் யாரோ விசிறி என்று மொழிபெயர்த்தார்கள், சொல் ஒட்டிக்கொண்டது. ‘நான் அவருடைய தீவிர விசிறி’ என்றால் எல்லோருக்கும் புரிகிறது. பேச்சில் இருக்கட்டும், அதைப் பிடுங்கவேண்டியதில்லை. கலைச்சொல்லுக்கு வேண்டாம்.

இதைச் சொல்லும்போது போர்வீரர்களின் உலகத்திலேயே இந்தத் தவறான பெயர்ப்புக்கு ஒரு உடன்பிறப்பு இருப்பது நினைவுக்கு வருகிறது. 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆட்டத்தில் ர்யூ வென்றால் ஒரு வாசகம் சொல்வான். தன் ஷோர்யூக்கென் குத்தை முறியடிக்காதவரை உனக்கு வெற்றி இல்லை என்பது ஜப்பானிய மூலம். அந்தக் குத்தின் பெயரில் உள்ள எழுத்துகளைச் சீன உச்சரிப்பில் படித்து, ‘ஷெங் லாங்கை வீழ்த்தினால்தான் உனக்கு வாய்ப்பு’ என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் போட்டுவிட்டார்கள். குத்து ஆளாகிவிட்டது. யார் இந்த ஷெங் லாங் என்று ரசிகர்கள் தேட ஆரம்பித்தார்கள். ர்யூவுக்கும் அவன் தோழன் கென்னுக்கும் குரு என்று ஒரு முன்கதை உருவாயிற்று. 1992 ஏப்ரலில் ஓர் அமெரிக்க விளையாட்டு இதழ், அவரோடு மோத ஒரு ரகசிய வழி இருக்கிறது என்று முட்டாள்கள் தினக் கட்டுக்கதையாக வெளியிட்டது. பலர் நம்பி முயன்றார்கள். கடைசியில் 2008-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-இல் அந்த இருவரின் குருவே, கோக்கென் என்ற தன் பெயரோடு, களத்தில் இறங்கினார். ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்ததில் பிறந்த ஆளுக்காக ரசிகர்கள் பதினேழு ஆண்டு காத்திருந்தார்கள். சொல் ஆக்குகிற நாம் இதை மறக்கக்கூடாது.

மூலத்தில் இல்லாமல் பிறகு நுழைந்ததற்கு நம் ஏட்டு மரபில் சொல் இருக்கிறது: இடைச்செருகல். ஷெங் லாங் ஓர் இடைச்செருகல். அப்படி யோசித்தபோதுதான் எனக்கு மற்றவையும் பிடிபட்டன.

நம்மிடம் மூலமும் உரையும் என்று ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. புத்தகத்தின் முகப்பிலேயே ‘மூலமும் உரையும்’ என்று அச்சடித்திருக்கும். நூற்பா சுருக்கமாக இருக்கும். சொல்லாமல் விட்டதை உரைகாரர் எடுத்துச் சொல்வார். இன்னொருவர் வேறு பொருள் கொண்டால் ‘என்பாரும் உளர்’ என்று அதையும் குறித்துவிட்டு மறுப்பார். வாளிலும் மோதிரத்திலும் இருக்கும் மூன்று வரிக் குறிப்பை வைத்து மூன்று பக்கம் எழுதும் ரசிகர் செய்வது இதே வேலை. அவர் கோட்பாடு கட்டவில்லை, உரை எழுதுகிறார்.

அந்த வேலைக்கு இடம் விடுவது ஆசிரியரின் உத்தி என்பதையும் நம் இலக்கணம் பெயர் வைத்தே சொல்கிறது. நன்னூல் அடுக்கும் முப்பத்திரண்டு உத்திகளில் ஒன்று ‘உய்த்துணர வைப்பு’. வெளிப்படையாகச் சொல்லாமல், படிப்பவர் தன் அறிவைச் செலுத்தி உணரும்படி வைத்தல். உய்த்தல் என்றால் செலுத்துதல். கல்லறையையும் கேடயத்தையும் தனித்தனி இடத்தில் வைத்துவிட்டு மியாசாக்கி விலகிக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் முன்மொழிவு: உய்த்துரை. உய்த்துணர்ந்து சொல்லும் உரை. ஒரு ரசிகர் உய்த்துரைக்கிறார், ஓர் உய்த்துரை வலுவானது, இன்னொன்று வலுவற்றது. வினையாகவும் பெயராகவும் மடங்குகிறது, ‘ரசிகர்’ என்ற முன்னொட்டு இல்லாமலேயே நிற்கிறது. முதல்முறை கேட்கும்போது கொஞ்சம் பழைய வாசனை அடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு முறை சொன்னால் நாக்குக்குப் பழகிவிடுகிறது.

இதோடு சேர்ந்த மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேனன், அதாவது படைத்தவர்களே கதையில் வைத்தது, அதற்கு ‘மூலம்’ போதும். ஹெட்கேனன், அதாவது ஆதாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருவர் தன்னளவில் உண்மை என்று வைத்துக்கொள்வது, அதற்குத் ‘தன்கோள்’. தொல்காப்பிய உத்திகளில் தன்கோட் கூறல், அதாவது ஆசிரியர் தன் கொள்கையைச் சொல்வது, என்று வருவதை எடுத்துக்கொள்கிறேன். கோள் என்றதும் வானத்துக் கோள் நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்லலாம். கருதுகோளில் வராத குழப்பம் இதில் ஏன் வரப்போகிறது?

பேக்ஸ்டோரிக்கு, அதாவது கதை தொடங்கும் முன்பே நடந்துவிட்டதற்கு, ‘பின்கதை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இதை மட்டும் தயவுசெய்து ஏற்கவேண்டாம். ஆங்கிலத்தில் கடந்துபோனது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. தமிழில் அது முன்னால் இருக்கிறது. முன்னோர், முற்பிறவி, முன்னொரு காலத்தில் என்கிறோம். இனி வரப்போவதுதான் பின். பின்கதை என்று எழுதினால் ஆர்டோரியாஸ் செத்த பிறகு நடந்தது என்றுதான் தமிழ் வாசகர் படிப்பார். தொடர்கதைகளில் ‘முன்கதைச் சுருக்கம்’ படித்து வளர்ந்தவர்கள் நாம். முன்கதை என்ற சொல் கையிலேயே இருக்கிறது.

மோட்டிவ் என்பதற்கு ‘உள்நோக்கம்’ வேண்டாம். செய்தித்தாள்கள் அந்தச் சொல்லில் கள்ளத்தனத்தை ஏற்றிவிட்டன. ஓநாயைக் காத்தவனுக்கு உள்நோக்கம் என்றால் அவன்மேல் பழி விழுகிறது. ‘நோக்கம்’ என்றே எழுதலாம்.

சொற்கள் நிற்கின்றனவா என்று பார்க்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“ஆர்டோரியாஸின் இடது கை எப்போது உடைந்தது என்று மூலத்தில் இல்லை. கேடயத்தைக் கொடுத்த பிறகே உடைந்தது என்று உய்த்துரைப்பவர்கள் அவன் நோக்கம் பாசம் என்கிறார்கள். முன்பே உடைந்தது என்பாரும் உளர். உடன்படிக்கை செய்தபோதே அவனுக்குத் தன் முடிவு தெரியும் என்பது என் தன்கோள். அதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. அவன் முன்கதையில் எனக்கு நிச்சயமாகத் தெரிவது ஒன்றுதான்: கேடயம் ஓநாயிடம் இருக்கிறது.”

இதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எந்த இடத்தில் நாக்கு இடறுகிறது என்று எழுதுங்கள். குறிப்பாக ‘உய்த்துரைப்பவர்’ நீளமாக இருக்கிறது. ‘உய்த்துரைஞர்’ என்று குறுக்கலாமா என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை.

அன்புடன்