தக்சின் காலத்துத் தாய்லந்து: நீங்கள் நேரில் கண்டது என்ன?

சிலோம் கணக்கர்:
2006இல் பேங்காக்கின் சிலோம் சாலையில் ஓர் அலுவலகத்தில் கணக்காளராக இருந்தேன். அப்போதைய தாய்லந்துப் பிரதமர் தக்சின் ஷினவத்ரா யார், தொலைத்தொடர்பில் எப்படிச் செல்வம் சேர்த்தார் என்பதெல்லாம் இங்குள்ளவர்களுக்குத் தெரியும் என்பதால் நேரே அந்த வாரத்துக்கு வருகிறேன். ஜனவரி 23ஆம் தேதி அவருடைய குடும்பம் அவர் தொடங்கிய தொலைத்தொடர்பு நிறுவனமான ஷின் கார்ப்பரேஷனில் தனக்கிருந்த 49.6 விழுக்காட்டுப் பங்கை ஏறத்தாழ 73 பில்லியன் பாட் (தாய்லந்து நாணயம்) விலைக்கு நம் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கின் தலைமையிலான முதலீட்டாளர்களிடம் விற்றது. தனிநபர்கள் பங்குச் சந்தை வழியாக விற்றதால் அதற்கு வரி இல்லை. தொலைத்தொடர்பில் வெளிநாட்டுப் பங்கின் வரம்பை 25இலிருந்து 49 விழுக்காடாக உயர்த்திய சட்டத் திருத்தம் நடப்புக்கு வந்து சில நாள்களே ஆகியிருந்தன.

எனக்கு எதிர் மேசையில் இருந்த மூத்த சக ஊழியரை நான் ‘பீ’ என்று அழைப்பேன். அவர்கள் மொழியில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். மதிய உணவு முடிந்து வந்தவர், ரசீது வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து, தம் கைப்பேசியிலிருந்த அந்த நிறுவனத்தின் சிம் அட்டையை இரண்டாக நறுக்கி, இரண்டு துண்டுகளையும் என் பேரேட்டின் மேல் வைத்தார். “என் சம்பளத்தில் மாதந்தோறும் வரி பிடிக்கிறார்கள், தெரியுமா? ஓட்டுநர் பேரிலும் வேலைக்காரப் பெண் பேரிலும் பங்கு வைத்திருந்தார் என்று தெரிந்தும் 2001இல் நான் அவருக்குத்தான் வாக்களித்தேன். இவ்வளவு பணம் உள்ளவருக்குத் திருடத் தேவையிருக்காது என்று நம்பினேன்” என்றார். நான் சொன்ன பதில், “சட்டப்படி சரிதான், பீ.” அவர் ஒன்றும் பேசாமல் கத்தரிக்கோலை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மார்ச்சில் நம் தூதரகத்தின் முன் ஆர்ப்பாட்டம் நடந்தபோதுகூட எனக்கு அச்சம் வரவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஈசூன் தளத்தார்:
கணக்கர் அண்ணன் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் அது பேங்காக்கில் மாதச் சம்பளம் வாங்கியவர்களின் வருத்தம். அந்த ஆண்டுகளில் என் கட்டுமானத் தளத்தில் இருந்த தாய்லந்து ஊழியர்களில் பெரும்பாலோர் வடகிழக்கே உடோன் தானிப் பக்கத்துக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பீச் ரோட்டுக் கோல்டன் மைலில் கூடுவார்கள். (2023இல் அதை மூடியபோது பலர் உணவுக்கடைகளை நினைத்து வருந்தினார்கள், எனக்கு அந்த மனிதர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.) ஒரு ஞாயிறு எங்கள் கம்பி கட்டும் குழுவின் தலைவர் என்னை அங்கே சாப்பிட அழைத்தார். பேச்சு அவருடைய தாயாரின் கண் அறுவை சிகிச்சை பற்றித் திரும்பியது. பணப்பையைத் திறந்து ஒரு பச்சை நிற இருபது பாட் தாளையும், இரண்டு நிறம் கொண்ட பத்து பாட் நாணயம் ஒன்றையும் எடுத்து, மேசையைக் கையால் துடைத்துவிட்டு அருகருகே வைத்து, “இவ்வளவுதான் கட்டினோம்” என்றார். தக்சின் கொண்டுவந்த முப்பது பாட் மருத்துவத் திட்டம் அது. தகப்பனாரின் வைத்தியத்துக்கு, முன்பு ஓர் எருமையை விற்றிருக்கிறார்கள்.

2006 செப்டம்பர் 19ஆம் தேதி இரவு, பிரதமர் தக்சின் ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க்கில் இருந்தபோது, அவருடைய ஆட்சியைக் கவிழ்க்க பேங்காக் வீதிகளில் ராணுவ வண்டிகள் இறங்கின. மறுநாள் காலை தளத்தில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. தலைவர் மட்டும் என்னிடம் வந்து, “நாங்கள் வாக்களித்தது எண்ணப்படாதா?” என்று கேட்டார். இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அரப் ஸ்திரீட் துணிக்கடை:
முப்பது பாட் மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை, தளத்தார் தம்பி. அது நல்ல திட்டம். ஆனால் அதே மனிதர் பிரதமராக இருந்தபோது 2004 அக்டோபர் 25 அன்று நராத்திவாட்டின் தாக் பாயில் நடந்ததையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். ஆர்ப்பாட்டத்தில் கைது செய்யப்பட்ட முஸ்லிம்களின் கைகளைப் பின்னால் கட்டி, ராணுவ லாரிகளில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிப் பத்தானி மாநிலத்திலிருந்த ராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வழியில் 78 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். களத்தில் இறந்தவர்களையும் சேர்த்தால் 85. நோன்பால் உடல் தளர்ந்திருந்ததுதான் காரணம் என்று பிரதமர் அப்போது சொன்னார். அந்த ரமலானில் நானும் நோன்பிருந்து கடையில் நின்று துணி கிழித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு மலேசிய எல்லையோரம் உள்ள கோலோக்கில் எங்களிடம் பத்திக் வாங்கும் ஒரு தையற்காரரைப் பார்க்கப் போயிருந்தேன். அவருடைய அண்ணன் மகன், இருபது வயதிருக்கும், லாரியின் அடித்தட்டில் கிடந்து உயிர் பிழைத்தவன். நான் வாங்கிய சாரத்தை மடித்துக் கொடுக்க வந்தான். வலக்கை விரல்கள் மடங்கவில்லை. முனையைப் பல்லால் பிடித்துக்கொண்டு, இடக்கையால் நான்காக மடித்து, கோணல் இல்லாமல் நீவிக் கொடுத்தான். நான் உதவக் கை நீட்டியபோது அவனுடைய சிற்றப்பா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

2024 அக்டோபரில் அந்த வழக்கு காலாவதியானது. 2025 பிப்ரவரியில் தக்சின் தெற்கே போய் மன்னிப்புக் கேட்டார் என்று செய்தியில் பார்த்தேன். அந்தச் சாரம் இன்னும் என்னிடம் இருக்கிறது, கட்டியதில்லை.

சாங்கிப் பயணி:
என் அனுபவம் சிறியது. 2008 நவம்பர் 25 அன்று, அவருடைய மைத்துனர் பிரதமராக இருந்த நேரத்தில், தக்சினை எதிர்த்த மஞ்சள் சட்டைக்காரர்கள் பேங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தைப் பிடித்தபோது நான் என் பிள்ளைகளோடு உள்ளே மாட்டிக்கொண்டேன். ஓர் ஆர்ப்பாட்டக்காரப் பெண்மணி என் மகளுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுத்துவிட்டு, கைகூப்பி எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

இனி அங்கே போகிறவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆர்ப்பாட்டம் நடக்கும் நாள்களில் மஞ்சள், சிவப்புச் சட்டைகளை அணியாதீர்கள்; நமக்கு அது வெறும் நிறம், அங்கே அது கட்சி (சிவப்பு தக்சின் ஆதரவாளர்களின் நிறம்). வாடகை வண்டி ஓட்டுநர் அரசியல் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், கருத்துச் சொல்லாதீர்கள். அரச குடும்பத்தைப் பற்றி வேடிக்கையாகக்கூட எதுவும் பேசக்கூடாது, தாய்லந்துக் குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவின்கீழ் ஒரு குற்றச்சாட்டுக்கு மூன்றிலிருந்து பதினைந்து ஆண்டுவரை சிறை உண்டு. பயணக் காப்புறுதி எடுக்கும்போது உள்நாட்டுக் கலவரத்துக்கு இழப்பீடு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளியுறவு அமைச்சின் தளத்தில் பயணத்தைப் பதிந்துகொள்ளுங்கள். விமான நிலையம் மூடினால் அங்கேயே காத்திருக்காதீர்கள். அந்த முறை பலரை ஊத்தப்பாவ் விமான நிலையம் வழியாகத்தான் அனுப்பினார்கள், அது பேங்காக்கிலிருந்து தென்கிழக்கே வெகுதூரம். பிள்ளைகளின் மருந்தைக் கைப்பையில் வையுங்கள். நான் பெட்டியில் வைத்திருந்தேன்.

சிலோம் கணக்கர்:
பயணி அக்காவுக்கு நன்றி, ஆனால் நான் பயண ஆலோசனை கேட்கவில்லை. துணிக்கடை ஐயா எழுதியதைப் படித்த பிறகு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. தளத்தார் தம்பி, உங்கள் குழுத் தலைவரின் முப்பது பாட்டை நான் மறுக்கவில்லை, பீயும் மறுத்ததில்லை. பீயின் தாயாரும் அதே திட்டத்தின் அட்டையில் வைத்தியம் பார்த்தவர்தான். அதனால்தான் அவருக்கு அவ்வளவு கோபம்.

2007 ஜனவரியில் தக்சின் சிங்கப்பூர் வந்து அப்போதைய துணைப் பிரதமர் எஸ். ஜெயக்குமாரைச் சந்தித்ததும், அதற்காகத் தாய்லந்து நம் வெளியுறவு அமைச்சருக்கு விடுத்திருந்த அழைப்பைத் திரும்பப் பெற்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாரமும் பீ எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அரசியல் மட்டும் பேசவில்லை.

2010 பிப்ரவரி 26 அன்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம், தக்சின் பதவியைப் பயன்படுத்தித் தம் நிறுவனத்துக்கு ஆதாயம் தேடினார் என்று கூறி, முடக்கப்பட்டிருந்த பணத்தில் 46 பில்லியன் பாட்டைப் பறிமுதல் செய்தது. நான் அப்போது சிங்கப்பூருக்குத் திரும்பியிருந்தேன். அன்றிரவு பீயிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: “இப்போது சட்டப்படி எது சரி, தம்பி?”

அதற்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. அவர் ஓய்வுபெற்று சந்தபுரியில் இருக்கிறார். டிசம்பரில் போகிறேன், சிம் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு.