மியூசிக் பாக்ஸ் பட்டைக்கு வீட்டில் கட்டிய லேசர்: தாள் கோணிப் போகிறது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கையால் சுற்றும் 30 சுர மியூசிக் பாக்ஸ் ஒன்று வைத்திருக்கிறேன். 70 மி.மீ. அகலத் தாள் பட்டையில், சுரத்துக்குச் சுரம் 2 மி.மீ. தள்ளி ஓட்டை போட வேண்டும். கூடவே வந்த, ஓட்டை போடும் பஞ்ச் கருவியால் ஒரு பாட்டு முடிப்பதற்குள் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

அதனால் லேசர் மெஷினே கட்டிவிட்டேன். பழைய பிரிண்டரின் உருளை, இரண்டு நேமா 17 ஸ்டெப்பர் மோட்டார், அர்டுயினோ ஊனோ போர்டில் மோட்டார்களையும் லேசரையும் இயக்கும் ஜிஆர்பிஎல் மென்பொருள், 5 வாட் நீல லேசர் டயோடு. லேசர் தலை குறுக்கே ஓடும், தாளை உருளை நீளவாக்கில் இழுக்கும்.

இழுப்பதில்தான் வினை. ஒரு மீட்டர் போவதற்குள் தாள் கோணுகிறது. நீளத்தில் 3 மி.மீ. குறைந்தால்கூடக் காதுக்குத் தெரியாது. குறுக்கே 1 மி.மீ. விலகினால் போச்சு, ஓட்டை இரண்டு சுரங்களுக்கு நடுவில் விழுகிறது. நேற்று ‘ச’ வர வேண்டிய இடத்தில் வெறும் டிக் சத்தம்.

விளிம்பும் கருகுகிறது. வெள்ளைத் தாள் நீல ஒளியைத் திருப்பி அடிப்பதால் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. லேசரை ஒரே சக்தியில் எரியவிடும் எம்3 கட்டளையை விட்டு, வேகத்துக்கு ஏற்பச் சக்தியை மாற்றும் எம்4-க்கு மாறிய பிறகு பரவாயில்லை. ஆனாலும் விரலில் கரி ஒட்டுகிறது. அது பாக்ஸுக்குள்ளே சுரம் எழுப்பும் உலோகச் சீப்பின் பற்களில் படியுமோ என்று பயம்.

பக்கவாட்டில் தடுப்பு வைத்தால் போதுமா, இல்லை ரப்பர் உருளை இரண்டு பக்கமும் தனித்தனியாக அழுத்த வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் படம் போட்டால் புண்ணியமாகப் போகும்.

அப்புறம், 450 நானோமீட்டர் நீல லேசருக்கான பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கிறேன், புகைக்கு ஃபேனும் உண்டு. அதற்குத் திட்ட வேண்டாம்.